முந்நூறு மீட்டரில்

பீடோரிலிருந்து ஒன்பதாவது மைல்.
கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டு
இரண்டாம் டிவிஷன் முழுக்கக்
கன்று நட்டிருந்தார்கள்.
மொட்டைக் குன்று. இந்தக் கரையில் நின்றால்
பள்ளத்துக்கு அப்பால்
பன்றி முதுகு சொறிவதுகூடத் தெரியும்.

ஒரே இரவில் நாற்பது கன்று.
குருத்தை மட்டும் தின்றுவிட்டு
மிச்சத்தை எனக்கு வைத்துப் போகும்.
நான் ஆபீஸ் கிராணி.
செத்த கன்றுக்கும் கணக்கு
என் மேசையில்தான்.

மேனேஜர் கடிதம் கொடுத்தார்,
இலாகா லைசென்ஸ் கொடுத்தது,
இரண்டு பேர் வந்தார்கள்.

லியோங், பெரிய தெருவில் ஆணியும் பெயிண்டும் விற்பவர்.
அவர் கைப்பேசியில் ஒரு செயலி.
குண்டின் எடை கேட்கும், வேகம் கேட்கும்,
வெயில், ஈரப்பதம், கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி,
எல்லாம் கேட்கும்.
மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை கேட்கமாட்டார்கள்.

சூசைமாணிக்கம், கேட் காவல்.
சிகரெட் பெட்டி அட்டையில் பென்சிலால்
ஏழெட்டு எண்கள் எழுதிவந்து
"டைப் அடிச்சு பிளாஸ்டிக் போட்டுக் குடுங்க மேடம்" என்றார்.
நூறு மீட்டரில் பூச்சியம்.
இருநூறில் ஒன்பது சென்டிமீட்டர் கீழே.
இப்படியே நானூறு வரை
குண்டு விழுந்துகொண்டே போகும்.
துப்பாக்கிக் கட்டையில் கறுப்பு டேப்பால் ஒட்டினார்,
லோரிக்காரர் சாமி படம் ஒட்டுகிற பவ்யத்தில்.

தே தாரிக் ஆறும்வரை சண்டை.
"உன் அட்டை எந்த ஊர்க் காற்றுக்கு?
குளிர் தேசத்துக் கணக்கு அது.
இங்கே காற்று லேசு, குண்டு மேலே போகும்."
"எவ்வளவு மேலே?"
லியோங் தட்டிப் பார்த்தார்.
"ஒரு சென்டிமீட்டர்."
"நான் மூச்சு விட்டாலே மூணு சென்டிமீட்டர் ஆடும், தவுக்கே."

மறுநாள் ஆறே கால்.
சாட்சிக்கு நான், வேனில், பிளாஸ்க்கோடு.
பனி விலகியதும் ஒற்றைப் பன்றி,
அவசரமே இல்லாமல்.
தூரமானி முந்நூறு என்றது.
லியோங்கின் திரை
ஈரவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை.
சட்டையில் துடைத்தார், தொட்டார், துடைத்தார்.
சூசை கட்டையைச் சாய்த்து
ஒரு பார்வை பார்த்தார்.
சுட்டார்.

முதுகுக்கு நாலு விரல் மேலே
மண் தெறித்தது.
பன்றி நின்று யோசித்துவிட்டுத்தான் ஓடியது.

"காத்து," என்றார் சூசை, "பள்ளத்துல தூக்குது."
"ஈரப்பதம்," என்றார் லியோங், "உன் அட்டைக்குத் தெரியாது."
இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆபீஸில் சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
முந்நூறுக்கு நேரே 36.
நான் அடித்தது 63.
அதற்கடுத்த வரி, முந்நூற்றைம்பதுக்கு, 58.
தூரம் கூடினால் குண்டு குறைவாகவா விழும்?
அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் போட்டுவிட்டால்
எதுவும் சரியாகத்தான் தெரிகிறது.

என் கண் இப்படித்தான்.
போன வருஷம், அறுபத்து மூன்று குலை வெட்டிய
ஷஃபிகுலுக்கு
முப்பத்தாறு என்று எழுதினேன்.
மூன்று நாள் வாசலில் நின்றான்,
விரல்களை விரித்து, மடக்கி, விரித்து.
நான் கணினியைக் காட்டினேன்.
அன்றைக்கு இருபத்தேழு குலை.
இன்றைக்கு இருபத்தேழு சென்டிமீட்டர்.
பன்றி வாசலில் வந்து நிற்காது.

புது அட்டை அடித்தேன்.
"பழசுல காத்துப் புகுந்துடுச்சு" என்று கொடுத்தேன்.
சூசை வாங்கி, கொஞ்ச நேரம் படித்து,
பழையதைப் பிய்க்காமல்
அதன் மேலேயே ஒட்டிக்கொண்டார்.

அன்றிரவும் வந்திருக்கிறது.
காலையில் வரிசை வரிசையாக நடந்து
நானே எண்ணினேன், இரண்டு தடவை.
பதினொன்று.
திருப்பி எழுதினாலும் மாறாத எண்.
நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.